சத்தத்தைக் கேட்டு எடுத்த படங்கள்

இரண்டு இரவும் ஒன்றரைப் பகலும் நீண்ட ரயில் பயணத்தில் எடுத்த 600-க்கும் மேற்பட்ட படங்களை நேற்று கணினியில் ஏற்றிப் பார்த்தேன். தேறியவை 23. மலையையும் ஆற்றையும் எடுப்பதற்காக நான் ரயிலில் கேமராவைத் தூக்குவதில்லை. அவற்றை இறங்கி நின்று நிதானமாக எடுப்பதுதான் முறை. எனக்கு வேண்டியவை ரயில்வேக்கே உரிய காட்சிகள்: கைகாட்டி மரம், பாதைகள் பிரியும் இடம், கிலோமீட்டர் கல், பக்கத்துப் பாதையில் ஒதுங்கி நிற்கும் சரக்கு ரயில், வளைவில் தெரியும் நம் ரயிலின் இன்ஜின். இவை எவையும் நமக்காகக் காத்திருப்பதில்லை. கண்ணில் பட்ட பிறகு கேமராவைத் தூக்கினால், படத்தில் விழுவது அதற்கு அடுத்து வரும் புதர்தான்.

கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயில் ஒரு வினாடியில் 25 மீட்டர் கடக்கிறது. ஷட்டர் வேகத்தை 1/1000 வினாடியாக வைத்தாலும், ஷட்டர் திறந்து மூடுவதற்குள் நாம் இரண்டரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறோம். 36 மில்லிமீட்டர் அகலமும் 2.4 கோடி பிக்சல்களும் கொண்ட சென்சாரில் 50 மில்லிமீட்டர் லென்ஸைக் கொண்டு எடுத்தால், 500 மீட்டர் தொலைவில் இருக்கும் வீட்டுக்கு இதனால் ஒரு கேடும் இல்லை. ஒரு பிக்சல் அளவுக்குக்கூட அது கலங்காது. ஆனால் 5 மீட்டர் தொலைவில் நிற்கும் சிக்னல் கம்பம் ஏறத்தாழ 40 பிக்சல் அகலத்துக்கு இழுபட்டுவிடும். ரயில்வேயின் பொருள்களோ பெரும்பாலும் அந்த 5 மீட்டருக்குள்தான் இருக்கின்றன.

நேர் பக்கவாட்டில் எடுக்காமல் ரயில் போகும் திசையை ஒட்டிச் சாய்வாக எடுப்பது இதற்கு ஒரு வழி. போகும் திசையிலிருந்து 30 பாகை விலகிய கோணத்தில் பார்க்கும்போது, பாதையோரக் கம்பம் நம் கண்ணைக் கடக்கும் வேகம் பக்கவாட்டில் இருப்பதில் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆகவே ரயில் போகும் திசையை நோக்கிய ஜன்னலோர இருக்கை எனக்கு எப்போதும் முக்கியம். முன்பதிவில் கிடைப்பது அதிர்ஷ்டம். கிடைக்காதபோது எதிர் இருக்கைக்காரரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

இம்முறை அப்படிக் கேட்டு வாங்கியது ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம். முதல் நாள் காலை முழுக்க நான் கேமராவை முகத்தோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும், ஒவ்வொரு நிலையத்தையும் தவறவிடுவதையும் பார்த்துக்கொண்டே இருந்தவர், "தம்பி, கண்ணால தேடாதீங்க. சத்தம் மாறுதே, கேட்கலையா? பாயின்ட்ஸ் மேல ஏறுது. இப்ப எடுங்க" என்றார். சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் ஒரு பாதை இரண்டாகி, இரண்டு நான்காகி, நிலையம் வந்துவிட்டது. அதுவரை ஒரே சீராக ஓடிய சக்கர ஒலி, பாதை பிரியும் இடத்தில் தடதடவென்று உடைந்து மீண்டும் சீராகிறது. பாலத்தில் ஏறும்போது அடியில் மண் இல்லாத வெற்றொலி கேட்கிறது. வளைவில் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தோடு உரசிக் கீச்சிடுகிறது. இத்தனை ஆண்டுகளாக ரயிலில் போகிறேன். காது இதற்கு உதவும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

மின்பாதையின் கம்பங்களையும் அவர்தான் ஒரு தாளமாகப் பார்க்கச் சொன்னார். கம்பங்களுக்கு இடையே 50 மீட்டர் இருந்தால், 90 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு வினாடிக்கு ஒரு கம்பம் ஜன்னலைக் கடக்கும். கம்பம் கடந்த மறுகணம் பட்டனை அழுத்தினால் படத்தின் நடுவே அது குறுக்கிடாது. கையால் தொடையில் தட்டிக்கொண்டே எடுத்தேன்; வீணாகும் படங்கள் பாதியாகக் குறைந்தன.

பச்சை விளக்கு எரியும் சிக்னலைப் பயணியால் ஏன் படம் எடுக்க முடிவதில்லை என்ற என் பழைய சந்தேகமும் இந்தப் பயணத்தில்தான் தீர்ந்தது. இன்ஜினின் முதல் சக்கரங்கள் சிக்னலைத் தாண்டி அடுத்த பகுதிக்குள் நுழைந்ததும், தண்டவாளத்தில் ஓடும் மின்சுற்று அதை உணர்ந்து சிக்னலைச் சிவப்பாக்கிவிடுகிறது. பத்தாவது பெட்டியில் இருக்கும் நமக்கு எப்போதும் சிவப்புதான். ரயில் நம் பக்கமாக வளையும்போது மட்டும், இன்ஜின் இன்னும் எட்டாத சிக்னல் உள்வளைவின் வழியாகத் தூரத்தில் பச்சையாகத் தெரிகிறது. இன்ஜினும் பச்சை விளக்கும் சேர்ந்து இருக்கும் ஒரே ஒரு படம் எனக்கு அப்படித்தான் கிடைத்தது. அதிலும் தொடுவானம் சாய்ந்திருக்கிறது. அது கையின் பிழை அல்ல. வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளத்தை உயர்த்திப் போடுவார்கள். 1,435 மில்லிமீட்டர் அகலப் பாதையில் 150 மில்லிமீட்டர் உயர்த்தினால் பெட்டி ஏறக்குறைய 6 பாகை சாய்ந்துவிடும். ஜன்னல் சட்டத்தை நேர்கோடாக நம்பிக் கேமராவைப் பிடித்தால் உலகமே சரிந்து விழும்.

நேர்ப்பாதையில் இந்த வாய்ப்பு கிடையாது. ஆஸ்திரேலியாவின் நல்லர்போர் சமவெளியில் 478 கிலோமீட்டர் தூரம் ஒரு வளைவுகூட இல்லாமல் பாதை போகிறது. அங்கே ஜன்னலோரப் பயணிக்குத் தன் ரயிலின் முகமே தெரியாது. பாலங்களுக்கும் இதே விதிதான். நேரான பாலத்தைப் பார்க்க இருப்பதிலேயே மோசமான இடம் அதன் மேல் போகும் ரயில். சுவிட்சர்லாந்தின் லாண்ட்வாசர் பாலம் ரயிலுக்குள்ளிருந்தே அத்தனை படங்களில் விழுகிறது என்றால், அதன் 65 மீட்டர் உயரம் அதற்குக் காரணமல்ல; 1902-இல் கட்டி முடிக்கப்பட்ட ஆறு கமான்கள் கொண்ட அந்தப் பாலம் 100 மீட்டர் ஆரத்தில் வளைந்து நேராகக் குகைக்குள் நுழைகிறது என்பதே காரணம்.

இதையெல்லாம் அறிந்திருந்தும், இந்தப் பாதையின் மிகப் பெரிய ஆற்றுப் பாலத்தில் நான் கோட்டை விட்டேன். ஒரு மணி நேரம் முன்பே தயாராகி, கண்ணாடியை உள்ளே துடைத்து, பெட்டி விளக்கு எதிரொளிக்காமல் இருக்கக் கறுப்புத் துண்டை லென்ஸைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஃபோகஸைத் தானியங்கியாகவே விட்டிருந்ததுதான் தவறு. கேமரா, வரிசையாக ஓடிய இரும்புச் சட்டங்களையும் கண்ணாடியின் வெளிப்புறத் தூசியையும் மாறிமாறிப் பிடித்துக்கொண்டு திணறியது. நாற்பது படங்களில் ஒன்றில்கூட ஆறு இல்லை. தொலைவுக்கு ஃபோகஸை நிறுத்திப் பூட்டிவிட்டுத் தொடர்ச்சியாகச் சுட்டிருந்தால் சட்டங்களின் இடைவெளியில் நாலைந்தாவது தேறியிருக்கும். லென்ஸைக் கண்ணாடியில் அழுத்தக் கூடாது என்பதையும் அங்கேதான் கற்றேன். பெட்டியின் அதிர்வு முழுவதும் கேமராவுக்குள் இறங்கிவிடுகிறது. ஒரு விரல் இடைவெளி போதும். ஜன்னல் திறக்கும் பெட்டியானாலும் கையையோ கேமராவையோ வெளியே நீட்டுவதும், வாசலில் தொங்கிக்கொண்டு எடுப்பதும் வேண்டவே வேண்டாம். சிக்னல் கம்பங்கள் நாம் நினைப்பதைவிட மிக அருகில் நிற்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த படத்தில் ரயிலே இல்லை. இரண்டாம் நாள் விடியற்காலையில், எதிர் ரயிலுக்கு வழிவிட ஒரு சிறு நிலையத்தில் அரை மணி நேரம் நின்றோம். சூரியன் தண்டவாள மட்டத்துக்கு மேல் எழுந்து கொஞ்ச நேரமே ஆகியிருந்தது. ஐந்து பாதைகளில் இரண்டின் மேற்பரப்பு மட்டும் வெள்ளிக் கம்பியாக மின்னியது; ஒன்று மங்கிய சாம்பல்; மற்ற இரண்டும் துருவேறிய செம்பழுப்பு. நாள்தோறும் சக்கரங்கள் தேய்க்கும் தண்டவாளம் மின்னும்; வாரத்துக்கு ஒரு முறை வண்டி வருவது மங்கும்; யாரும் வராதது துருப்பிடிக்கும். எந்தப் பாதைக்கு உயிர் இருக்கிறது என்பதை அட்டவணை பார்க்காமலே சொல்லிவிடலாம். நின்ற ரயிலாதலால் நிதானமாக, 1/60 வினாடியில் எடுத்தேன். அவ்வளவு மெதுவான வேகத்தில்தான் நடைமேடையின் எல்இடி பலகையும் முழுதாக விழுந்தது. 1/1000-இல் எடுத்த முந்தைய படங்களில் அதன் எழுத்துகள் அரைகுறையாக வெட்டுப்பட்டிருந்தன.

பெரியவர் அதற்கு அடுத்த நிலையத்தில் இறங்கிக்கொண்டார். "ஐயா, ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன்" என்று ஜன்னல் வழியே கேட்டதற்குத் தலையை மட்டும் அசைத்தார். ரயில் நகரத் தொடங்கியது. கடந்து போகும் வண்டியில் ஏதாவது தொங்குகிறதா, அச்சு சூடேறிப் புகைகிறதா என்று நிலையப் பணியாளர்கள் நின்று பார்ப்பார்களே, அதேபோலப் பையைக் கீழே வைத்துவிட்டு, நடைமேடையில் நேராக நிமிர்ந்து நின்றார். படத்தில் அவர் கேமராவைப் பார்க்கவில்லை, சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.