பசிக்கலை, மிஸ்

பதின்ம வயதுப் பிள்ளைகள் சாப்பாட்டோடு படும் பாட்டைத்தான் ஆராய்ச்சிக்கு எடுத்திருக்கிறேன். முதல் வேலை, ஈட்-26 (EAT-26) என்ற, உண்ணும் கோளாறு இருக்கக்கூடுமா என்று பார்க்கும் கேள்வித்தாளைத் தமிழாக்குவது. 1982இல் வந்தது, 26 கேள்விகள், 20 மதிப்பெண்ணைத் தொட்டால் மருத்துவர் கூப்பிட்டுப் பேசிப் பார்க்க வேண்டும், அதுவே நோய் என்று அர்த்தமில்லை.

ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஐந்தாவது கேள்வியிலேயே நின்றுவிட்டேன். 'சாப்பாட்டைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கிக்கொள்வேன்.' கத்தியும் முள்கரண்டியும் வைத்துச் சாப்பிடுகிற வீட்டில் அது ஓர் அறிகுறி. நம் பிள்ளைகளுக்கு? ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி 'எப்போதும்' என்று டிக் அடித்திருந்தாள், கேட்டால் "தோசையைப் பிய்ச்சுத்தானே மிஸ் சாப்பிடுவோம்" என்கிறாள். இன்னொன்று, சாப்பிடச் சொல்லி மற்றவர்கள் வற்புறுத்துகிறார்களா என்பது. இன்னும் ஒரு கரண்டி வைக்காமல் எந்தப் பாட்டி விடுகிறார்?

வட இந்திய நகரம் ஒன்றில் 580 பள்ளி மாணவிகளிடம் இதே தாளைக் கொடுத்த மனநல மருத்துவர்கள் மைக்கேல் கிங்கும் தினேஷ் புக்ராவும் 1989இலேயே இதைச் சொல்லிவிட்டார்கள். 29 சதவீதம் பேர் வரம்பைத் தாண்டியிருந்தார்கள், ஆனால் கேள்விகள் வேறு மாதிரிப் புரிந்துகொள்ளப்பட்டதும் விரதப் பழக்கமும் அந்த எண்ணிக்கைக்குள் கலந்திருந்தன.

கூட்டிக் காட்டுவதைவிட எனக்குப் பயம், தப்பவிடுவதில்தான். மதிப்பெண் மிகக் குறைவாக வந்த ஒரு பெண். டயட் இருக்கிறாயா என்றால் 'ஒருபோதும் இல்லை'. உட்கார்ந்து பேசினால், செவ்வாய் விரதம், வெள்ளி விரதம், சஷ்டி, அப்புறம் சனிக்கிழமை பெருமாளுக்கு, மற்ற நாளில் "பசிக்கலை மிஸ், வயிறு உப்புசமா இருக்கு". பக்தியான பிள்ளை என்று வீட்டில் பெருமை வேறு. ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவரிடம் உண்ணும் கோளாறோடு வந்த பலரும் இப்படித்தான், குண்டாகிவிடுவோம் என்ற பயத்தைச் சொல்லவே இல்லை, வயிறு உப்புகிறது என்றுதான் சொன்னார்கள். அதைப் படித்திருந்தும், எதிரே ஒரு குழந்தை உட்கார்ந்து அதையே சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது.

தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டேன். விரத நாளில் அம்மா "பரவாயில்லை, இன்னைக்குச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டால் உனக்கு எப்படி இருக்கும்?

ரொம்ப நேரம் துப்பட்டா நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்கும் மிஸ்."

அந்த வாரமே அம்மாவை வரவழைத்துப் பேசி, இருவரையும் மருத்துவரிடம் அனுப்பினோம். அந்தக் கேள்வியை இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன்.