கன்று நடாத சேர்

ஜூன் 5, உலகச் சூழல் தினம் வந்தால் வாவிக்கரையில் பெனர் கட்டி, தொப்பி போட்டு, உப்புத் தண்ணீர்ச் சேற்றில் வளர்கிற கண்டல் கன்று நட்டு போட்டோ எடுக்காத அலுவலகம் மட்டக்களப்பில் குறைவு. எங்களுக்கு வனச் சூழலியல் படிப்பித்த சேருக்கும் அழைப்பு வரும். போவார், ஆனால் கன்றைக் கையில் வாங்கமாட்டார். "இந்த இடத்தில மார்கழியில தண்ணி எவ்வளவு நிக்கும்?" என்று கேட்டுவிட்டு நிற்பார். ஒருவருக்கும் தெரியாது. தலைக்கனம் பிடித்த மனுசன் என்று கன பேர் சொல்வார்கள். அந்த ஒரு கேள்விதான் அவருடைய முழு வேலையும் என்பது என் கட்சி.

நமது வாவி கடல்போல தினமும் ஏறி இறங்குவதில்லை. வெயில் காலத்தில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும், தண்ணீர் உள்வாங்கும், உப்பு ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்றுத் தண்ணீரும் வயல் தண்ணீரும் வந்து நிறைந்து, முகத்துவாரம் உடையும்வரை கரையெல்லாம் முங்கிக் கிடக்கும். ஜூன் என்பது இங்கே தண்ணீர் வற்றிப்போகிற நேரம். அப்போது ஈரமாகத் தெரிகிற கரையில் நட்ட சின்னக் கன்று மார்கழியில் இலையும் மூழ்கி மூச்சுமுட்டிச் சாகும். சரி, மேட்டில் நடுவோம் என்றால் உப்பு கருக்கும், மிச்சத்தை மாடு தின்னும். இரண்டுக்கும் நடுவில் ஒடுக்கமான ஒரு வரம்புதான் அதற்குத் தோதான இடம், அதையும் பார்த்த பார்வையில் சொல்ல முடியாது.

அதனால்தான் சேற்றில் கம்பு நட்டு நீர்மட்டம் குறிக்கிறதும், ஒரு சொட்டுத் தண்ணீரை உப்பு அளக்கும் கருவியின் கண்ணாடியில் விட்டுப் பார்க்கிறதும், மரத்தின் சுற்றளவை 1.3 மீற்றர் உயரத்தில் டேப் பிடித்து அளக்கிறதும். கண்டலோடு கரையில் நிற்கிற தில்லை மரத்தடியில் மட்டும் சத்தம் போடுவார், அந்தப் பால் கண்ணில் பட்டால் அவ்வளவுதான். மறுகா தோணிக்காரரிடம் போய் முந்தி எங்கே காடு நின்றது என்று விசாரிப்பார். போட்டோவுக்கு இதில் ஒன்றும் இல்லை!

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கை முழுக்க நட்ட கண்டல் காடுகளுக்கு என்ன நடந்தது என்று ஆராய்ந்த கட்டுரையொன்று 2017இல் வந்தது, றுகுணு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அதில் உண்டு. பார்த்த 23 இடங்களில் 9இல் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் நட்டு, உருப்பட்டது 200 முதல் 220 மட்டும். பாதிக்கு மேல் பிழைத்தவை கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு, மூன்றுமே மேற்குக் கரை. பிழையான மட்டத்தில் நட்டது, நட்டபின் பராமரிக்காதது, மாடு என்று காரணங்களும் அதிலேயே இருக்கின்றன.

கண்டலையே எல்லாரும் நடுவதற்குப் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. காய் மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் மாதிரித் தொங்கும், பொறுக்கிக் குத்தினால் வேலை முடிந்தது. அந்தக் கரை தில்லைக்கோ, கண்ணா என்கிற இன்னொரு கரை மரத்துக்கோ உரியதா என்று யார் பார்க்கிறார்கள்?

சேர் சொல்வது, அடைபட்ட வாய்க்காலைத் திறந்துவிட்டு மாட்டை மறித்தால் போதும், பக்கத்தில் தாய்மரம் இருக்கிற இடத்தில் விதை தண்ணீரோடு தானே வந்து ஒதுங்கும். நிலைபேறு என்று மேடையில் பேசுகிறவர்கள் அடுத்த வருடம் பெனர்க் காசில் கொஞ்சம் கம்பிவேலியும், மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் அளக்க இரண்டு பொடியன்களுக்குச் சம்பளமும் கொடுக்கலாம்.