டாக்டரிடம் வாயைத் திறவுங்கள், ரிசப்ஷனில் கொஞ்சம் பொறுங்கள்

வடமேற்கு லண்டனில் ஒரு ஜி.பி. சர்ஜரியில், அதாவது குடும்ப டாக்டரின் கிளினிக்கில், ரிசப்ஷனிஸ்டாக இருக்கிறேன். ஜாஃப்னாவிலிருந்து வந்த அம்மாமார் என்னைப் "பிள்ளை" என்பார்கள், நம்மூர்க்காரர்கள் "ஏம்மா" என்பார்கள். கோபம் வந்துவிட்டால் இரண்டு தரப்புமே "உங்க மேனேஜரைக் கூப்பிடு"தான்.

நம் ஆட்களிடம் ஒரு வினோதம் பார்க்கிறேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கிற என்னிடம் அப்பாயிண்ட்மெண்டுக்காக மல்லுக்கு நிற்பவர், டாக்டரின் அறைக்குள் போனதும் வாயையே திறப்பதில்லை. சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வெளியே வருவார். வந்ததும் சீட்டை என்னிடம் நீட்டி, "இந்த மாத்திரை எதுக்கும்மா? எத்தனை நாளைக்கு?" என்று கேட்பார். எனக்கு என்ன தெரியும்? தெரிந்தாலும் சொல்ல எனக்கு அனுமதி கிடையாது. கேட்க வேண்டிய ஆள் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார், அவரிடம் கேட்பது உங்கள் உரிமை. எழுதித் தரும் மருந்து எதற்கு, பக்கவிளைவு என்ன, சாப்பிடாமல் விட்டால் என்ன ஆகும், வேறு வழி இருக்கிறதா என்று எல்லாவற்றையும் கேட்கலாம். வேண்டாம் என்று மறுக்கவும் செய்யலாம். 2009இல் வந்த என்.எச்.எஸ். (இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவை) சாசனத்திலேயே இதெல்லாம் எழுதியிருக்கிறது. டாக்டரை எதிர்த்துப் பேசுவதாக யாரும் நினைக்கமாட்டார்கள். கேள்வி கேட்கும் நோயாளிதான் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று எங்கள் டாக்டர் ஒருவர் சொல்வார்.

பத்து நிமிஷம்தான் கொடுக்கிறார்கள், உண்மை. அதனால்தான் முக்கியமானதை முதலில் சொல்லச் சொல்கிறேன். முழங்கால் வலியில் ஆரம்பித்து, தூக்கமின்மைக்குப் போய், எழுந்து கதவைத் திறக்கும்போது "அப்புறம் டாக்டர், மாடி ஏறினால் நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது" என்பவர்கள் அநேகம். அவரைத் திரும்ப உட்கார வைத்து ஈ.சி.ஜி. எடுப்பார்கள், அவருக்குப் பின்னாலிருக்கும் அத்தனை பேருக்கும் நேரம் தள்ளிப்போகும், திட்டு எனக்கு விழும். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். நெஞ்சு முதல் வரியில் இருக்கட்டும்.

இன்னொன்று, டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். ஊரிலிருந்து சூட்கேஸில் வந்த சர்க்கரை மாத்திரை, சித்த வைத்தியர் கொடுத்த லேகியம், பக்கத்து வீட்டு அக்கா பகிர்ந்துகொண்ட ஆன்டிபயாடிக் மிச்சம் எல்லாம் நம் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அது தெரியாமல் டாக்டர் அங்கே இன்னும் டோஸைக் கூட்டிக்கொண்டிருப்பார். சரியான தகவலைக் கொடுப்பது நோயாளியின் பொறுப்பு என்று அதே சாசனம் சொல்கிறது. திட்டுவார்களோ என்று பயப்பட வேண்டாம், பாட்டிலையே கையில் கொண்டு வந்து காட்டுங்கள்.

அதே தொல்லைக்காக மூன்றாவது முறை வந்தும் பலனில்லையென்றால், அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 2025 செப்டம்பரில் இங்கிலாந்தில் 'ஜெஸ் விதி' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஜெஸிக்கா பிரேடி என்ற பெண், சர்ஜரியைப் பலமுறை தொடர்புகொண்டும் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படாமல் 27 வயதில் 2020இல் இறந்துபோனார். அவர் பெயரில் வந்த விதி இது. ஒருவர் ஒரே குறையோடு மூன்று முறை வந்தும் காரணம் புரியவில்லை, அல்லது நிலைமை மோசமாகிறது என்றால், டாக்டர் முதலிலிருந்து மறுபடி யோசிக்க வேண்டும். "இது மூணாவது தடவை டாக்டர்" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

மொழி விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் என்னை அதிகம் உறுத்துவது. ஒரு பாட்டி வருவார், கூடவே பள்ளிச் சீருடையில் பேரன். பாட்டிக்குச் சிறுநீரில் ரத்தம் போகிறது. அதைப் பேரனிடம் எப்படிச் சொல்வார்? "வயிறு வலின்னு சொல்லு கண்ணா" என்பார். அவனும் வயிறு வலி என்றே சொல்வான். டாக்டரும் வயிற்று வலிக்கு மருந்து எழுதுவார். (இப்படி வருகிற பல பாட்டிகளை ஒருவராக்கிச் சொல்லியிருக்கிறேன், தேடாதீர்கள்.) பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக வைக்கக் கூடாது என்பது இங்கே வழிகாட்டுதல். தமிழ் மொழிபெயர்ப்பாளரை நாங்களே ஏற்பாடு செய்து தருவோம், பெரும்பாலும் போன் வழியாக. உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. நேரமும் கூடுதலாகத் தருவோம். ஒரே நிபந்தனை, அப்பாயிண்ட்மெண்ட் போடும்போதே சொல்ல வேண்டும். வாசலில் வந்து நின்று கேட்டால் அந்த நிமிஷத்தில் ஆள் கிடைப்பது அதிர்ஷ்டம்.

பெண் டாக்டர்தான் வேண்டும், போன முறை பார்த்தவரே வேண்டும் என்றும் கேட்கலாம். முடிந்தவரை முயற்சி செய்வோம், கொஞ்சம் காத்திருக்க வேண்டிவரும். அந்தரங்கமான பரிசோதனை என்றால் கூட ஒருவர் இருக்கட்டும் என்று கேட்பதும் உங்கள் உரிமை.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கும்போதுதான் என்னிடம் அதிகம் போன் வரும். வந்திருப்பவர்களை ஜி.பி.யிடம் பதியலாம். மூன்று மாதத்துக்குள் திரும்பிவிடுவார்கள் என்றால் தற்காலிகப் பதிவு. டாக்டரைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. ஆனால் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால் கதை வேறு, அங்கே பில் வரும், பெரிதாகவே வரும். ஆகவே இன்ஷூரன்ஸ் இல்லாமல் பெற்றோரை விமானம் ஏற்றாதீர்கள். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கிலாந்தில் ஜி.பி.யிடம் பதிவதற்கு விசா, பாஸ்போர்ட், வீட்டு முகவரிச் சான்று எதுவும் கட்டாயமில்லை. கேட்பார்கள், இருந்தால் கொடுங்கள். இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

சரி, இப்போது என் பக்கத்துக்கு வாருங்கள். "என்ன பிரச்சினை?" என்று நான் கேட்டால் பலருக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. "அதை டாக்டரிடம் சொல்லிக்கொள்கிறேன், நீ யார் கேட்க?" வம்புக்குக் கேட்பதில்லை ஐயா. தொண்டை வலி, காது வலி, பெண்களுக்குச் சாதாரணச் சிறுநீர்த் தொற்று போன்ற ஏழு பிரச்சினைகளுக்கு 2024 ஜனவரி முடிவிலிருந்து மருந்துக்கடைப் பார்மசிஸ்டே பார்த்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக்கும் தரலாம். அங்கே அனுப்பினால் உங்களுக்கு அன்றைக்கே வேலை முடியும். நெஞ்சு வலி என்றால் 999க்கு, ஆம்புலன்ஸை அழைக்கும் அவசர எண்ணுக்கு, அனுப்ப வேண்டும். இந்தப் பிரிப்புக்காகத்தான் கேட்கிறோம். சொல்ல விருப்பமில்லையா, "சொந்த விஷயம்" என்று மட்டும் சொல்லுங்கள், போதும். எல்லார் முன்னாலும் பேச வேண்டாம் என்றால் தனியாக ஓரிடத்துக்கு வரச் சொல்வேன்.

நீங்கள் சொல்வது என்னைத் தாண்டிப் போகாது. கோயில் திருவிழாவில் பிரசாத வரிசையில் நின்று, "அந்த அக்காவுக்கு ரிசல்ட் வந்துடுச்சா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அக்கா எங்கள் சர்ஜரிக்கு வருகிறாரா இல்லையா என்பதைக்கூட நான் சொல்லமாட்டேன். மனைவியின் ரிப்போர்ட்டைக் கணவர் கேட்டாலும் மனைவியின் சம்மதம் வேண்டும். பதினாறு வயது ஆன பிள்ளையின் விவரத்தைப் பிள்ளை ஒப்புக்கொள்ளாமல் அம்மாவிடம்கூடக் கொடுக்க முடியாது. இந்த விஷயத்தில் என்னிடம் கோபித்துக்கொண்டவர்கள் ஏராளம், கோபித்துக்கொள்ளட்டும்.

காலை எட்டு மணிப் போன் வரிசை பற்றி எழுதாவிட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். 2025 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் ஒவ்வொரு சர்ஜரியும் ஆன்லைன் படிவத்தை வாரநாட்களில் காலை 8 முதல் மாலை 6.30 வரை திறந்துவைக்க வேண்டும். அவசரமில்லாத விஷயத்துக்கு அதைப் பயன்படுத்தினால் எட்டு மணிக்குப் போனோடு போராட வேண்டியதில்லை. போனில் வந்தாலும் சரி, "நாளைக்கு மறுபடி கூப்பிடுங்கள்" என்று சொல்லி வைத்துவிட எங்களுக்கு உரிமை இல்லை. அடுத்து என்ன என்பதை நாங்கள்தான் சொல்ல வேண்டும். யாராவது அப்படிச் சொன்னால் இதை நினைவூட்டுங்கள், என் சக ஊழியராக இருந்தாலும்.

வர முடியாவிட்டால் ரத்து செய்யுங்கள். எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பதில் அனுப்பினால் போதும், என்.எச்.எஸ். ஆப்பிலும் செய்யலாம். நாற்காலி காலியாகக் கிடக்கும் அதே நேரத்தில், இடமில்லை என்று ஒரு கைக்குழந்தையின் தாயிடம் போனில் சொல்லிக்கொண்டிருப்பேன், அது பெரிய கொடுமை. வழக்கமாக வாங்கும் மருந்துக்கு இரண்டு வேலைநாள் முன்னாலேயே சொல்லுங்கள். ஊருக்குப் போகிற அன்று காலை டாக்ஸியை வெளியே நிறுத்திவிட்டு வந்து பிரஷர் மாத்திரை கேட்பவர்களுக்கு நான் என்ன செய்வது?

கத்துபவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பொதுவாக ஒரு எச்சரிக்கை கொடுக்காமல் யாரையும் சர்ஜரியின் பட்டியலிலிருந்து நீக்க முடியாது, அது உங்களுக்குப் பாதுகாப்பு. ஆனால் அடிதடி, மிரட்டல் என்று போய், போலீஸில் சொல்லிவிட்டால், எச்சரிக்கை எதுவும் கிடையாது, உடனே நீக்கலாம். அப்படி நீக்கியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பத்தில் மற்றவர்களுக்கு அவமானமாகப் போய்விட்டது.

கத்துவதற்குப் பதில் புகார் எழுதுங்கள். எழுதினால் அடுத்த முறை சரியாகப் பார்க்கமாட்டார்களோ என்ற பயம் நம் பெரியவர்களிடம் நிறைய. புகார் கொடுத்ததால் சிகிச்சை பாதிக்கக் கூடாது என்பது விதி. அந்தக் கடிதத்தை உங்கள் மருத்துவப் பதிவோடு சேர்த்து வைப்பதும் கிடையாது. நடந்து 12 மாதத்துக்குள் பிராக்டிஸ் மேனேஜருக்கு எழுதலாம். எங்கள் மேல் நம்பிக்கையில்லை என்றால் உங்கள் பகுதியின் ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியத்துக்கு (அந்தப் பகுதியின் என்.எச்.எஸ். சேவைகளைக் கவனிக்கும் அமைப்பு) எழுதலாம், 2023 ஜூலையிலிருந்து அவர்கள்தான் பார்க்கிறார்கள். புகார் கிடைத்தது என்று மூன்று வேலைநாளுக்குள் பதில் வர வேண்டும். முடிவு திருப்தியில்லை என்றால் அதற்கு மேல் ஆம்பட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளர் இருக்கிறார். ஆங்கிலம் வராது என்றால் பிள்ளைகள் எழுதித் தரட்டும், இதற்கு அவர்களைப் பயன்படுத்துவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எழுதும் அளவுக்கு இல்லை, ஆனால் குறை இருக்கிறது என்றால் நோயாளிகள் குழு என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு சர்ஜரியிலும் இருந்தாக வேண்டும். போன் முறையை மாற்றுவது, அறிவிப்புப் பலகை வைப்பது எல்லாம் அங்கே பேசுகிறார்கள். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஆங்கிலேயர்கள் சிலர், ஒரு குஜராத்தி மாமி, டீ, பிஸ்கட். காத்திருப்பு அறையில் பாதிப்பேர் தமிழர்கள், கூட்டத்தில் ஒருவரும் இல்லை. அடுத்த கூட்டம் எப்போது என்று ரிசப்ஷனில் கேளுங்கள், சொல்வோம்.