மிக்ஸியா, அந்தமானா?

ரெண்டு வருஷமா கிரெடிட் கார்டுல சேர்ந்த பாயிண்ட்டுக்கு மிக்ஸி வாங்கலாம்னு வீட்டம்மா கணக்குப் போட்டுட்டு இருந்தாங்க. நான் அதை விமான மைல்ஸா (டிக்கெட் எடுக்க உதவுற விமானக் கம்பெனி பாயிண்ட்) மாத்திட்டேன். சென்னையிலேருந்து அந்தமான் தலைநகர் போர்ட் பிளேர் (இப்ப பேரு ஸ்ரீ விஜய புரம்), ரெண்டு பேருக்கும் போக வர டிக்கெட். வரியும் விமான நிலையக் கட்டணமும் மட்டும் கைக்காசு. (அதைச் சொல்லாம 'ஃப்ரீ டிக்கெட்'னு பீத்துறவங்களை நம்பாதீங்க.)

மளிகை, ஸ்கூல் ஃபீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் கார்டுலதான். பெட்ரோலுக்கு என் கார்டுல பாயிண்ட் கிடையாது. ஒரு தடவை 'மினிமம் டியூ' (பில்லுல கட்டச் சொல்ற குறைஞ்சபட்சத் தொகை) மட்டும் கட்டிட்டு அசால்ட்டா இருந்துட்டேன். மாசம் 3.5 சதவீத வட்டி, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி! நாலு மாசப் பாயிண்ட்டோட மதிப்பு அதுலயே காலி. இப்பல்லாம் கடைசித் தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடியே முழுசா கட்டிடறேன்.

நேத்து ஹேவ்லாக் (இப்ப பேரு ஸ்வராஜ் த்வீப்) தீவுல, ராதாநகர் கடற்கரை. முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு மெதுவா கேக்குறாங்க: "அப்ப மிக்ஸி?"