தடாகத்துக்கு வலைக்கூடு: முற்பணம் கொடுக்கும் முன் இதை வாசியுங்கள்

தடாகத்தை மூடும் வலைக்கூட்டுக்காக ஒப்பந்தக்காரருக்கு முற்பணமாகக் கொடுத்த 75,000 ரூபாவில் 50,000 தான் இதுவரை திரும்பி வந்திருக்கிறது. மீதிக்காக வெள்ளிக்கிழமை தோறும் தொலைபேசி எடுக்கிறேன். ஆகவே ஆத்திரம் ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வீட்டு வளவில் நீச்சல் தடாகம் வைத்திருக்கும் இன்னொருவர் இதே பள்ளத்தில் விழக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

எல்லாம் ஜூன் மாதம் மகளுக்கு டெங்கு வந்ததில் தொடங்கியது. குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை எவ்வளவு என்று காலையும் மாலையும் தாதியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்த நாட்கள் அவை. 2017இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் நோய் கண்டபோதும் எங்கள் வீடு தப்பியிருந்தது. இந்த முறை தப்பவில்லை. பிள்ளை வீடு திரும்பிய அன்றே ஒர்லாண்டோவிலிருந்து அக்கா பேசினாள். “இங்கே தடாகம் உள்ள வீடுகளில் பாதிக்கு மேல் வலைக்கூடுதான். நீயும் போடு, நுளம்புத் தொல்லை போய்விடும்” என்றாள். அத்தான் படங்களையும் அனுப்பினார். அலுமினியச் சட்டம், சுற்றிலும் மேலும் வலை, உள்ளே நீல நிறத் தண்ணீர். பார்த்தவுடன் முடிவு செய்துவிட்டேன். அதுதான் என் முதல் பிழை.

ஒப்பந்தக்காரர் அடுத்த நாளே வந்து அளந்தார், முற்பணம் வாங்கினார், ஒரு கிழமையில் வரைபடமும் தந்தார். அனுமதி பற்றிக் கேட்டேன். “வலைதானே அக்கா, அதற்கு யார் அனுமதி கேட்பது?” என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் கொழும்பில் எதைக் கட்டுவதென்றாலும் முதலில் விசாரிப்பது நல்லது என்று அப்பா சொல்லிச் சொல்லியே வளர்த்தவர்.

உரிய அலுவலகத்துக்கு நான்கு முறை போனேன். முதல் முறை, வரைபடத்தைப் பார்க்கும் அதிகாரி வெளிக்களக் கடமையில். இரண்டாம் முறை, வலைக்கு அனுமதி தேவையில்லை என்று ஒருவர் வாயால் சொன்னார். எழுதித் தாருங்கள் என்றதும் அடுத்த மேசையைக் காட்டினார். அடுத்த மேசையில் இருந்தவர், நிலத்தில் கொங்கிறீற் போட்டு நிறுத்தும் சட்டமென்றால் வீட்டின் பின்னால் விடவேண்டிய திறந்தவெளிக் கணக்கில் வரும், பட்டயப் பொறியியலாளரின் கையொப்பம் வேண்டும் என்றார். மூன்றாம் முறை கையொப்பத்துடன் போனேன். வீட்டின் பழைய அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் எங்கே என்று கேட்டார்கள். அதை முன்பே சொல்லியிருந்தால் ஒரு பயணமும் அரைநாள் விடுப்பும் மிஞ்சியிருக்கும். உங்கள் வீட்டு வரைபடத்தின் பிரதியை இன்றே தேடி எடுத்து வையுங்கள். எங்களுடையது அம்மாவின் அலுமாரியில், திருமணச் சேலைக்கு அடியில் கிடந்தது.

இதற்கிடையில் ஒப்பந்தக்காரர் மாதிரிக்கு ஒரு சட்டத் துண்டு கொண்டுவந்தார். திருகாணிகள் எல்லாம் துருப்பிடிக்காத உருக்கு என்றார். எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடல் பக்கம். இங்கே உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துத் திருகாணியில் வைத்தேன். பற்றிக்கொண்டது. நாகம் பூசிய சாதாரண இரும்பாகத்தான் இருக்க வேண்டும். கடற்கரையில் அது அலுமினியத்தோடு சேர்ந்து இருந்தால் பூச்சும் போகும், சட்டமும் அரிக்கும். காந்தம் ஒட்டவில்லை என்பதற்காகவும் நம்பிவிடாதீர்கள். துருப்பிடிக்காத உருக்கில் 304 தரமும் 316 தரமும் காந்தத்திடம் ஏறக்குறைய ஒரேமாதிரித்தான் நடக்கும். கடலோரத்துக்கு 316 என்று விலைமதிப்பீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

நான்காம் பயணத்துக்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்தார். மகளின் டெங்கு அறிவிக்கப்பட்டிருந்ததால் வந்த வழமையான வருகை. தடாகத்தருகில் நின்று குளோரின் அளவைக் கேட்டார், பம்பி தினமும் ஓடுகிறதா என்று கேட்டார், அவ்வளவுதான். பிறகு ஏணி கேட்டு வாங்கி விறாந்தைக் கூரையின் பீலியைப் பார்த்தார். மாவிலைகள் அடைத்து, விரலளவு தண்ணீர் நின்றது. ஒரு கரண்டியில் அள்ளிக் காட்டினார். குடம்பிகள் நெளிந்தன. குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டிலும் அப்படியே. நுளம்பு பெருக இப்படி இடம் கொடுப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். அவர் என்னை எச்சரித்ததோடு விட்டார். என் பிள்ளையைப் படுக்கையில் போட்ட நுளம்பு என் கூரையிலேயே பிறந்திருக்கலாம் என்ற நினைப்பில் அன்றிரவு நான் தூங்கவில்லை.

வலைக்கூட்டு வரைபடத்தையும் அவரிடம் நீட்டினேன். வீட்டுத் தாழ்வாரமும் கூட்டின் சட்டமும் சேரும் இடத்தில் விரல் வைத்தார். அங்கே ஆறு அங்குல அகலத்தில் ஒரு புதிய பீலி, நேரே மாமரத்தின் கீழ். “இதைக் கிழமைக்கு ஒருமுறை யார் ஏறித் துப்புரவாக்குவார்?” என்று கேட்டார். எனக்குப் பதில் இருக்கவில்லை. டெங்கு நுளம்பு பெரும்பாலும் பகலில்தான் கடிக்கும், பிள்ளைகள் பகலில் தடாகத்துக்குள் மட்டும் இருப்பதில்லை என்பதையும் அவர் நினைவுபடுத்தினார்.

நான்காம் முறை அலுவலகம் போனது விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதற்கு. அது பத்து நிமிடத்தில் முடிந்தது.

வலைக்கூடே வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். மரமில்லாத வளவு, கடலிலிருந்து தள்ளிய வீடு, கூரைப் பீலியோடு இணையாமல் தனியே நிற்கும் சட்டம் என்றால் நன்மை உண்டு. இலை விழாது, குளோரின் வெயிலில் கரைவது குறையும். அங்குலத்துக்கு 18க்கு 14 கண்கள் உள்ள வலை நுளம்புக்குப் போதும். 20க்கு 20 வலையில் சிறு பூச்சியும் வராது, ஆனால் கொழும்புப் புழுக்கத்தில் காற்றும் வராது.

நான் செய்தது வேறு. பீலிகளைக் கழற்றிவிட்டு, மழைத்தண்ணீர் நேரே சரளைக்கற்களில் விழ விட்டேன். படுக்கையறை யன்னல்களுக்கும் பின் விறாந்தைக்கும் மட்டும் வலை. தடாகத்தைச் சுற்றி நாலடி வேலியும் தானாக மூடும் கேற்றும். இந்த யோசனையும் அக்காவிடமிருந்தே வந்தது. புளோரிடாவில் 2000ஆம் ஆண்டிலிருந்து புதிய வீட்டுத் தடாகங்களுக்குப் பிள்ளைகளைக் காக்கும் ஏற்பாடு ஒன்றாவது சட்டப்படி வேண்டும். வேலியென்றால் குறைந்தது நாலடி, கேற் தடாகத்துக்கு எதிர்ப்புறம் திறந்து தானே மூடித் தாழிட வேண்டும். அக்காவின் கூட்டுக் கதவும் அப்படித்தான். எனக்கு வந்த வரைபடத்தில் இருந்ததோ சாதாரணக் கதவு. பக்கத்து வீட்டுப் பேரன் மூன்று வயது, எந்தக் கதவையும் தள்ளித் திறப்பான்.

கேற் பொருத்திய பாஸ் அகலத் திறந்துவிட்டுக் காட்டினார், நன்றாக மூடியது. நான் ஒரு விரல் இடைவெளி விட்டு நிறுத்திப் பார்த்தேன். அப்படியே நின்றது. கூலியைக் கையில் வைத்துக்கொண்டு, கீலை மாற்றச் சொன்னேன். முறுமுறுத்தார், மாற்றினார். மறுபடி விரலளவு விட்டுப் பார்த்தேன். மூடித் தாழ் விழுந்தது. அதற்குப் பிறகே பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.