காவலூரில் ஒரு வால்மீன் வேட்டையாளரோடு

காவலூர் வானாய்வகத்துக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்க்கலாம் என்ற நினைப்போடுதான் மலை ஏறுகிறார்கள். ஒளி முழுவதும் கருவிகளுக்கே போகிறது, எட்டிப் பார்க்க வழியில்லை என்று தெரிந்ததும் முகம் வாடிவிடுகிறது. தை அமாவாசையை ஒட்டிய ஒரு சனிக்கிழமை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து ஆர்வலர்களான நாங்கள் வேன் பிடித்து, சேலம், ஊத்தங்கரை, திருப்பத்தூர் வழியாக ஜவ்வாது மலைக்குப் போனபோது, அந்த ஏமாற்றத்துக்கு ஆளாகாதவர் எங்களில் ஒருவர்தான். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர் அவர். பல ஆண்டுகளாக வால்மீன் தேடி வருகிறார். இன்றுவரை எதுவும் அவர் பெயரில் இல்லை. வயதில் மூத்தவர் என்பதால் எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன்.

அண்ணன் எங்களோடு வரச் சம்மதித்தது தொலைநோக்கிக்காக அல்ல, அது யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அவருக்காக. வானியலாளர் வைணு பாப்பு 1949இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது ஒரு புகைப்படத் தகட்டில் புதிய வால்மீனைக் கண்டார். அதை உறுதிசெய்த இருவரின் பெயர்களும் சேர்ந்து அது பாப்பு–போக்–நியூகிர்க் என்று வழங்குகிறது. பின்னாளில் இருண்ட, தெளிந்த வானத்துக்காக ஜவ்வாது மலையைத் தேர்ந்தெடுத்து, கொடைக்கானல் பட்டறையில் உருவான 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் 1968இல் காவலூரில் பணியைத் தொடங்கியவரும் அவரே. 1986இல் பெரிய தொலைநோக்கி திறக்கப்பட்டபோது அவர் காலமாகி மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

குவிமாடத்துக்குள், குதிரைலாட வடிவத் தாங்கியின் மேல் நிற்கும் அந்தப் பெரிய சட்டகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "இதுல வால்மீன் தேடுனா ஆயுசு பத்தாதுங்க." கேலியாகச் சொன்னதல்ல. அந்தக் கருவிக்கு ஒரு நேரத்தில் நிலவளவு வானம்கூட அகப்படாது. அண்ணனின் 15×70 பைனாகுலரிலோ எட்டு நிலவுகளை வரிசையாக வைக்கக்கூடிய அகலத்துக்கு வானம் தெரியும். தேடுவதற்கு அகலம் வேண்டும். கிடைத்ததை ஆராயத்தான் பெரிய கண்ணாடி வேண்டும்.

பட்டறையில் மிஞ்சிய ஜி.ஐ. பைப்பை வெல்டிங் செய்து அவரே ஒரு தாங்கி அமைத்திருக்கிறார். மேற்கே திருப்பூரின் வெளிச்சம் அடிவானம் வரை அப்பிக் கிடப்பதால் அந்தி நேரத்தை விட்டுவிட்டு, நிலவில்லாத விடியற்காலைகளில் மூலனூர்ப் பக்கத்துக் கீழ்வானத்தை மட்டும் வரிவரியாகத் துழாவுகிறார். காற்றாலைகளின் உச்சியில் மினுக்கும் சிவப்பு விளக்குகள்தான் அங்கே தொல்லை. சூரியனுக்கு அருகே வரும்போதுதான் வால்மீன் ஒளிரும் என்பது பழைய கணக்கு. பான்-ஸ்டார்ஸ், அட்லஸ் போன்ற தானியங்கித் தொலைநோக்கிகள் இரவு வானத்தைச் சலித்தெடுத்தாலும், சூரியனை ஒட்டிய விளிம்பில் அவற்றின் பிடி தளர்வுதான் என்பது புதிய கணக்கு. 2023 ஆகஸ்டில் ஜப்பானிய ஆர்வலர் ஹிடியோ நிஷிமுரா சாதாரணக் கேமராவும் டெலி லென்ஸும் கொண்டு புதிய வால்மீனைப் பிடித்தது அந்த விளிம்பில்தான். 2019இல் சூரிய மண்டலத்துக்கு வெளியிலிருந்து வந்த வால்மீனை முதலில் கண்ட கென்னடி போரிசோவும் தானே செய்த தொலைநோக்கியில்தான் கண்டார். ஆர்வலர்களின் காலம் முடிந்துவிட்டது என்று வேனில் வாதிட்ட நண்பருக்கு அண்ணன் சொன்ன பதில் இந்த இரண்டு பெயர்கள் மட்டுமே. எனக்கு அதுவே போதுமானதாகப் பட்டது.

அவருடைய நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நீள்பக்கக் கணக்கு நோட்டு. ஒரு வரிக்கு ஒரு விடியல். தேதி, நேரம், வானத்தின் நிலை, தென்பட்ட மங்கலான பொருள், அது என்னவென்று தீர்ந்தது என்ற ஐந்து பத்திகள். கடைசிப் பத்தியில் பெரும்பாலும் எம் என்ற எழுத்தும் ஓர் எண்ணும்தான். எம் என்றால் மெஸ்ஸியே. வால்மீன் என்று ஏமாறக்கூடிய பொருள்களைத் தள்ளிவைப்பதற்காகச் சார்லஸ் மெஸ்ஸியே 18ஆம் நூற்றாண்டில் தொகுத்த அட்டவணையே, இன்று நாங்கள் ஆசையாகத் தேடிப் பார்க்கும் பட்டியலாகிவிட்டது. தென்மேற்குப் பருவ மாதங்களின் பக்கங்களில் 'மேகம்' என்ற ஒரே சொல் மேலிருந்து கீழ்வரை இறங்குகிறது.

இரவு, வளாகத்துக்கு வெளியே வேன் நின்ற வெட்டவெளியில் பைனாகுலர்களை எடுத்தோம். ஓரியனுக்குக் கீழே, முயல் மண்டலத்தில், பஞ்சுபோன்ற சிறு பொட்டு ஒன்றைக் கண்ட கல்லூரி மாணவர் ஒருவர் கூவிவிட்டார். அண்ணனுக்கு அது என்னவென்று பார்க்காமலே தெரிந்திருக்க வேண்டும், ஆனாலும் சொல்லவில்லை. "சுத்தி இருக்கற நட்சத்திரத்தையெல்லாம் வரைஞ்சு வெச்சுக்க தம்பி, முக்கா மணி நேரங் கழிச்சு மறுக்காப் பாரு" என்றார். அந்தப் பையன் சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் முழங்காலில் தாளை வைத்து வரைந்தார். மறுபடி பார்த்தபோது பொட்டு இம்மியும் நகரவில்லை. நகர்ந்தால்தானே வால்மீன். அது எம்79, பல்லாயிரம் ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள உருண்டை நட்சத்திரக் கொத்து. எடுத்த எடுப்பில் விடையைச் சொல்லியிருந்தால் அந்தப் பையனின் கையில் அந்த வரைபடம் இருந்திருக்காது.

மழைக்காலத்தில் அண்ணன் கணினிக்கு மாறிவிடுகிறார். சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ விண்கலத்தின் படங்கள் இணையத்தில் எவருக்கும் கிடைக்கின்றன; அவற்றைக் கொண்டு 2024 மார்ச்சுக்குள் 5,000 வால்மீன்கள் கண்டறியப்பட்டுவிட்டன, அவற்றில் பெரும்பகுதி ஆர்வலர்களின் கண்ணில் பட்டவை. அடுத்தடுத்த படங்களில் ஒரு புள்ளி சீராக நகர்வதைக் கண்டு, ஒவ்வொரு படத்திலும் அதன் இடத்தை அளந்து அனுப்ப வேண்டும். ஒருமுறை அண்ணன் அளந்து முடிப்பதற்குள் வேறு நாட்டுக்காரர் ஒருவர் அதே புள்ளியை அனுப்பிவிட்டார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தத்தைவிட, தன் அளவும் அவர் அளவும் ஒத்துப்போன திருப்திதான் மேலோங்கியிருந்தது.

திரும்பி வந்த பிறகு எங்கள் குழுவில் இருவர் சோஹோ படங்களைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். சந்தேகப்பட்டதை முதலில் அண்ணனுக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். பட்டறை வேலைக்கு நடுவே அவர் பார்த்துப் பதில் போடுகிறார். இதுவரை வந்தவற்றில் பெரும்பாலானவை காஸ்மிக் கதிர் கேமராவில் மோதிய தடங்கள். ஒரு படத்தில் இருக்கும், அடுத்ததில் இருக்காது.