கண்மாயை விட்டு மேலே ஏற ஒரு மைதானம் வாங்கிய கதை

விளையாட்டு மைதானத்துக்கு அரசாங்கத்திடம் பணம் வாங்குவது எப்படி என்று பக்கத்து ஊர்ப் பையன்கள் போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். முதலிலேயே ஒன்று: இதில் பணம் பெரிய சிக்கலே இல்லை. நிலம்தான் சிக்கல். அதை விட்டால், கட்டி முடித்த பிறகு யார் பார்த்துக்கொள்வது என்பது சிக்கல். நடுவில் இருக்கிற பணம் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது.

எங்களுடையது தென்மாவட்டத்துக் கரிசல் ஊர். வாலிபாலும் கபடியும் அப்பா காலத்திலிருந்தே உண்டு. கோடையில் கண்மாய் வற்றியதும் உள்ளே இறங்கிக் கோடு போட்டு ஆடுவோம், ஐப்பசி மழையில் தண்ணீர் வந்ததும் ஆட்டம் நின்றுவிடும். தண்ணீர் வந்தால் விவசாயிக்குச் சந்தோஷம், அந்த விவசாயி வீட்டுப் பையனுக்கு வருத்தம், இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. கோவில்பட்டிக்குப் போனால் ஹாக்கிக்குச் செயற்கைப் புல்தரை மைதானமே இருக்கிறது. அது விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பணம், அந்தப் பணம் எங்களை மாதிரி ஊருக்குள் நேராக வராது. முதலமைச்சர் சிறு விளையாட்டரங்கம் என்று ஒன்றுக்கு 3 கோடியில் கட்டுகிறார்களே, அதுவும் தொகுதி அளவில் யோசிக்கிற விஷயம். கிராமத்துக்கு என்றால் ஊராட்சி, ஒன்றியம், கலெக்டர் ஆபீஸ் என்கிற வழிதான்.

2023 அக்டோபர் 2 கிராம சபையில் ஆரம்பித்தோம். முன்பு வருடத்துக்கு 4 கிராம சபைதான் இருந்தது, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து 6 ஆக்கிவிட்டார்கள், அதனால் ஒன்றில் தவறினாலும் அடுத்ததுக்கு ரொம்ப நாள் காத்திருக்க வேண்டாம். ஆள் எண்ணிக்கையை மட்டும் கவனியுங்கள். மக்கள்தொகை 500-க்கு மேல் 3,000 வரை உள்ள ஊராட்சி என்றால் 100 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். விளையாட்டு மைதானம் என்று சொன்னால் பையன்கள் மட்டும்தான் வருவார்கள். நாங்கள் நூறுநாள் வேலைக்குப் போகும் அக்காமாரிடம் முன்னாடியே பேசி வைத்தோம், அவர்கள் ஓரத்தில் நடைபாதை வேண்டும், பிள்ளைகளுக்கு ஊஞ்சல் வேண்டும் என்று கேட்டார்கள். நல்ல வேளையாகக் கேட்டார்கள். வாலிபால் கோர்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் பத்து இளவட்டங்கள் கேட்டது என்று கோப்பில் கிடந்திருக்கும். தீர்மானம் போட்டதும் அதன் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு, ஒப்பமிட்ட நகலை அன்றைக்கே கையில் வாங்கிவிடுங்கள். அப்புறம் தருகிறேன் என்பார்கள், தரமாட்டார்கள் என்று சொல்லவில்லை, தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், எனக்கே இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அரசியல் சாசனத்தில் நகராட்சிகளுக்கான 12-வது அட்டவணையில் பூங்கா, தோட்டம், விளையாட்டு மைதானம் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஊராட்சிகளுக்கான 11-வது அட்டவணையில் 29 விஷயங்கள் இருக்கின்றன, மீன் வளர்ப்பு இருக்கிறது, நூலகம் இருக்கிறது, சந்தையும் திருவிழாவும் இருக்கிறது, விளையாட்டு இல்லை. நகரத்துப் பிள்ளைக்கு மைதானம் வேண்டும், கிராமத்துப் பிள்ளைக்குத்தான் காடு கிடக்கிறதே என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ. நூலகத்துக்காவது சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா தனியாகப் பிடிக்கிறார்கள். மைதானத்துக்கு அப்படி ஒரு பைசாவும் கிடையாது, ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு திட்டத்தின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

சரி, நிலத்துக்கு வருகிறேன். எங்கள் பையன்கள் முதலில் காட்டியது கண்மாய்க்குள் ஒரு மேட்டுப் பகுதியை. வி.ஏ.ஓ. சிரித்துவிட்டார். "தம்பி, இது நீர்நிலை. இதுல ஒரு கல்லு நட்டாலும் நாளைக்குக் கோர்ட்டுல நான்தான் நிக்கணும்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். இரண்டாவதாகக் காட்டியது மேய்க்கால் புறம்போக்கு. அதைத் தொட வேண்டும் என்றால் மேய்ச்சலுக்கு மாற்று நிலம் காட்ட வேண்டும் என்றார்கள், ஊரில் ஆடு வைத்திருப்பவர்களும் சும்மா விடமாட்டார்கள். மூன்றாவது, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள இடம். அது பள்ளி நிலம், சாயங்காலம் வெளியாட்கள் உள்ளே வந்தால் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள், அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

கடைசியில் கிடைத்தது, ஊருக்கு மேற்கே வேலிக்கருவை மண்டிக் கிடந்த இடம். வருவாய்த் துறையின் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் தீர்வை ஏற்படாத தரிசு என்று இருந்தது, அதாவது வரி விதிக்கப்படாத அரசு நிலம். இந்த வார்த்தையைப் பார்த்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி. உங்கள் ஊர் சர்வே எண் தெரிந்தால் வருவாய்த் துறையின் இ-சர்வீசஸ் தளத்தில் அ-பதிவேட்டு விவரத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம், யாரிடமும் போய் நிற்க வேண்டாம். ஆனால் தளத்தில் இருப்பது வேறு, தரையில் இருப்பது வேறு. சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளந்தபோது ஒரு மூலையில் பக்கத்துக் காட்டுக்காரர் மாட்டுத் தீவனப் படப்பு போட்டு வைத்திருந்தது தெரிந்தது. தப்பு எங்கள் மேல் இல்லாவிட்டாலும் அந்த அண்ணாச்சி வீட்டுக்குப் போய்ப் பேசியது நாங்கள்தான், ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனோம். அவரும் மறுப்பேதும் சொல்லாமல் எடுத்துக்கொண்டார், அறுவடை முடியட்டும் என்று மட்டும் கேட்டார். புகார் மனு கொடுத்திருந்தால் இன்றைக்கும் அது ஓடிக்கொண்டிருக்கும். அதன் பிறகுதான் தாசில்தாரிடம் தடையின்மைச் சான்று. வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) அறிக்கை, வரைபடம், தீர்மான நகல் எல்லாம் சேர்ந்து போக வேண்டும், ஒன்று குறைந்தாலும் கோப்பு கீழே இறங்கிவிடும்.

இப்போது பணம். எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி, எம்.பி. நிதி 5 கோடி. கேட்பதற்குப் பெரிய தொகை, ஆனால் எத்தனை ஊர் இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்களுக்கு உயர்கோபுர விளக்கு வேண்டுமானால் தருகிறோம் என்று பதில் வந்தது. விளக்கு என்றால் பெயர் போட்ட கல்வெட்டு தூரத்திலிருந்தே தெரியும், மைதானம் தெரியாது, நான் இதற்கு மேல் சொல்லவில்லை. அப்போது 15-வது நிதிக்குழுப் பணம் ஊராட்சிக்கு வந்தது, ஆனால் அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப் போட்டது. மிச்ச 40 சதவீதத்தில் ரோடு, வாய்க்கால், தெருவிளக்கு எல்லாம் வரிசையில் நிற்கும்போது மைதானம் கடைசி ஆள்தான். நூறுநாள் வேலையில் மைதானம் அமைக்க விதியில் இடம் இருந்தது, முள் வெட்டிச் சமன் செய்கிற வேலையை அதில் எடுத்தோம். அதில் கூலிக்கு 60, பொருளுக்கு 40 என்ற கணக்கு இருந்ததால் சரள் மண் அடிப்பது, கம்பம், வேலி எல்லாம் அதற்குள் அடங்கவில்லை.

ஆகவே நமக்கு நாமே திட்டம். 1997-98-ல் வந்தது, நடுவில் தன்னிறைவுத் திட்டம் என்று வேறு பெயரில் ஓடி, 2021-22-ல் பழைய பெயரிலேயே திரும்ப வந்தது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும், மிச்சம் அரசு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் வசிக்கும் பகுதி என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். மக்கள் பங்கு பாதிக்குப் போனால் வேலையை நாமே எடுத்துச் செய்யலாம், இல்லையென்றால் டெண்டர். எங்கள் மதிப்பீடு 9 லட்சம், நாங்கள் கட்ட வேண்டியது 3 லட்சம்.

இந்த இடத்தில் ஊர்க் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "வரியும் கட்டணும், அதுக்கு மேல அரசாங்கம் போடுற வேலைக்கும் நாமளே பணம் கட்டணுமா?" என்று கேட்டார். இதற்கு இன்றுவரை என்னிடம் ஒழுங்கான பதில் கிடையாது. திருப்பூரிலும் துபாயிலும் ஆள் இருக்கிற ஊர் மூன்றில் ஒரு பங்கைச் சுலபமாகக் கட்டிவிடும், அதற்கு அரசுப் பணமும் தேடி வரும். நிஜமாகவே இல்லாத ஊருக்கு இரண்டும் வராது. எங்களுக்கு அடுத்த ஊரில் எங்களைவிட நல்ல கபடி டீம் இருக்கிறது, மைதானம் இல்லை. திட்டம் நல்ல திட்டம்தான், இந்த ஓட்டை அதிலேயே இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கோயில் கொடைக்குப் போடுவது போலவே குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டு ஒரு பகுதி வசூலித்தோம், மிச்சத்தை வெளியூரில் வேலை பார்க்கிற பழைய ஆட்டக்காரர்கள் அனுப்பினார்கள். யார் எவ்வளவு என்று எழுதிக் கோயில் சுவரில் ஒட்டிவிட்டோம், அதனால் பேச்சு எதுவும் வரவில்லை. டி.டி. எடுத்து மனுவோடு கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தோம்.

அதன் பிறகு கோப்பு காணாமல் போனது. காணாமல் என்றால் நிஜமாகத் தொலைந்து போகவில்லை, ஒரு மேசைக்கும் இன்னொரு மேசைக்கும் நடுவில் எங்கோ இருந்தது. ஒன்றியத்தில் கேட்டால் மேலே போய்விட்டது, மேலே கேட்டால் இன்னும் வரவில்லை. சண்டை போடலாம் என்று பையன்கள் கிளம்பினார்கள், நான் தடுத்து, 10 ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். "ஏன் தாமதம்" என்று கேட்கக் கூடாது, அதற்கு ஏதாவது சொல்லித் தப்பிப்பார்கள். இந்த எண்ணுள்ள மனு எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் போனது, ஒவ்வொருவரும் எழுதிய குறிப்பின் நகல் தரவும் என்று கேட்க வேண்டும். பதில் வருவதற்கு முன்பே ஓவர்சியர் டேப்போடு ஊருக்கு வந்துவிட்டார்.

நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர் எல்லாம் முடிந்து வேலை உத்தரவு கைக்கு வரும்போது 2024 மார்ச். மார்ச் 16-ல் மக்களவைத் தேர்தலை அறிவித்துவிட்டார்கள். உத்தரவு இருந்தாலும் தரையில் வேலை ஆரம்பிக்கவில்லை என்றால் நடத்தை விதி முடியும்வரை தொடக் கூடாது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-லேயே ஓட்டுப் போட்டாகிவிட்டது, ஆனால் எண்ணியது ஜூன் 4. அதுவரை முள் வெட்டிய இடத்தில் திரும்பவும் முள் முளைத்தது. தேர்தல் வருகிற வருடம் என்றால் ஜனவரிக்குள் ஒரு லோடு சரளாவது இறங்கிவிட வேண்டும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை நடந்ததைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் கரிசல் ஊர்க்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். கரிசல் மண் வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். மேலே சரளை மெல்லிசாக அடித்துவிட்டுப் போனால் முதல் பருவமழையில் உள்ளே இறங்கிவிடும், அடுத்த வருடம் சரளும் இருக்காது மைதானமும் இருக்காது. மதிப்பீட்டில் 15 செ.மீ. கனத்துக்குச் சரள், தண்ணீர் விட்டு ரோலர் ஓட்ட வேண்டும் என்று இருந்தது. மதிப்பீட்டு நகலை முதலிலேயே வாங்கி வைத்திருந்ததால் அது எங்களுக்குத் தெரியும். ஒரு சாயங்காலம் பையன்கள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் அங்கங்கே குழி தோண்டி ஸ்கேல் வைத்துப் பார்த்தார்கள், பாதி இடங்களில் விரல் நீளம்கூட இல்லை. ஒப்பந்தக்காரரிடம் யாரும் குரல் உயர்த்தவில்லை. குழிகளை மூடாமல் அப்படியே விட்டுவிட்டு, எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் அளவு எழுத வரும் உதவிப் பொறியாளரிடம் ஸ்கேலோடு எடுத்த போட்டோவைக் காட்டினோம். அளவு எழுதினால்தான் ஒப்பந்தக்காரருக்குப் பில். அடுத்த நாளே டிப்பர் வந்தது.

வாலிபால் கோர்ட் 18-க்கு 9 மீட்டர்தான், ஆனால் சுற்றிலும் 3 மீட்டர் காலி இடம் வேண்டும். மதிப்பீட்டில் அதை விட்டுவிட்டு வேலியைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள், பந்தை எடுக்க ஓடுகிறவன் கம்பியில்தான் போய் விழுவான். வரைபடத்தைப் போடும்போதே விளையாடுகிற ஒருத்தன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கம்பத்தில் வலையை ஆண்களுக்கு 2.43 மீட்டருக்கும் பெண்களுக்கு 2.24 மீட்டருக்கும் மாற்றிக் கட்ட இரண்டு கொக்கி கேட்டோம், பெண் பிள்ளைகளும் ஆடுகிறார்கள், காலையில் அவர்கள் நேரம்.

இப்போது ஆட்டம் நடக்கிறது. கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டத்தில் ஊராட்சிக்கு 33 வகைப் பொருட்கள் வருகின்றன, நல்ல பந்து, நல்ல வலை, குறை சொல்ல முடியாது. எங்களுக்கு வந்தது பீரோவில் இருக்கிறது. கொடுத்தால் தொலைந்துவிடும், தொலைந்தால் ஆடிட்டில் யார் பதில் சொல்வது என்ற பயம், அதனால் பந்து புதுசாகவே இருக்கிறது, நாங்கள் காசு போட்டு வேறு பந்து வாங்கியிருக்கிறோம். இதற்குச் சாயங்காலம் கையெழுத்துப் போட்டு எடுத்து இரவில் திருப்பி வைக்க ஒரு நோட்டுப் போதும், அந்த நோட்டைப் போட யாருக்கும் உத்தரவில்லை.

2025 ஜனவரி 5-ல் எங்கள் மாவட்டத்து ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் பொறுப்புக்கு வந்துவிட்டார். அவர் கையில் ஒன்றியம் முழுக்க இருக்கிற ஊராட்சிகள், எங்கள் மைதானத்து வேலிக் கம்பி அறுந்தது அவர் கண்ணில் படவே படாது. கட்டுவதற்கு நான்கு திட்டம் இருக்கிறது, பராமரிக்க ஒன்றும் இல்லை. அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டத்தில் சில வருடம் முன்பு ஊர் ஊருக்கு நட்ட வாலிபால் கம்பங்கள் பல ஊர்களில் துருப்பிடித்து நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாங்கள் ஆடுகிற ஆளுக்கு மாதம் 50 ரூபாய் என்று போட்டு ரோலர் வாடகை, சுண்ணாம்பு, வலை எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்.

அடுத்து விளக்கு. எல்.இ.டி. போட்டுத் தர ஒருத்தர் முன்வந்திருக்கிறார், ஆனால் இணைப்பு யார் பெயரில், மாதாமாதம் கரண்ட் பில் யார் கட்டுவது என்பது கிராம சபைத் தீர்மானத்தில் எழுத்தில் வரும்வரை கம்பத்துக்குக் குழி தோண்ட வேண்டாம் என்று பையன்கள் முடிவு பண்ணியிருக்கிறார்கள். இதற்கான தீர்மான வாசகம் எந்த ஊரிலாவது ஏற்கெனவே போட்டிருந்தால் நகல் அனுப்புங்கள்.